ஹெப்பரின் பூச்சா, பொலிமர் பூச்சா, பூச்சே வேண்டாமா: இதயச் சத்திரசிகிச்சைக்குப் பம்ப் குழாய்களைத் தெரிவது

கொழும்பில் இதயச் சத்திரசிகிச்சைப் பொருட்களுக்கு விலைமனு கோரினால், இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்த் தொகுதிக்கு இரண்டு மூன்று தெரிவுகள் வந்து நிற்கும். பூச்சில்லாதது ஒன்று, குருதி உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் மருந்தை உட்புறம் பூசியது ஒன்று, ஹெப்பரின் கலக்காத பொலிமர் பூசியது இன்னொன்று. பூச்சு ஏற ஏற விலையும் ஏறும். கம்பனிப் பிரதிநிதி தரும் பளபளப்பான தாளில் எல்லாமே உடலுக்கு இசைவானவை என்றுதான் எழுதியிருக்கும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எதை வாங்குவது, வாங்கியதை யாருக்கு மாட்டுவது என்று முடிவெடுக்க இயலாது.

நான் தியேட்டரில் பம்ப் ஓட்டுகிறவன். சத்திரசிகிச்சை நிபுணர் இதயத்தை நிறுத்தி வைத்திருக்கும் நேரமெல்லாம் நோயாளரின் குருதி என் கண்முன்னே பிளாஸ்டிக் குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்சினால் நன்மை உண்டு, ஆனால் எல்லா நோயாளருக்கும் ஒரே அளவில் இல்லை. பணம் அளவோடு இருக்கும் இடத்தில் பூச்சுள்ள தொகுதிகள் முதலில் போகவேண்டியது குழந்தைகளுக்கும், பல மணித்தியாலம் பம்பில் இருக்கப்போகிறவர்களுக்கும், இரண்டாம் முறை நெஞ்சு திறக்கப்படுகிறவர்களுக்கும். ஒன்றரை மணித்தியாலத்தில் முடிகிற சாதாரண பைபாஸ் நோயாளருக்கு, அதே பணத்தைக்கொண்டு இதைவிடக் கூடுதல் நன்மை செய்ய வேறு வழிகள் இருக்கின்றன.

பூச்சு எதற்கு என்று விளங்க வேண்டுமானால், குருதி பிளாஸ்டிக்கைத் தொடும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் குருதிக் குழாய்களின் உட்சுவர் உயிருள்ள கலங்களால் ஆனது. தன்மேல் ஓடும் குருதி உறையாமல் அது ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். பிளாஸ்டிக்குக்கு அந்த வேலை தெரியாது. குருதி பட்ட சில வினாடிகளுக்குள் பிளாஸ்மாவிலுள்ள புரதங்கள், குறிப்பாக ஃபைப்ரினோஜன், பிளாஸ்டிக் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் குருதிச் சிறுதட்டுகள் வந்து ஒட்டும். உறைவுக் காரணி 12 விழித்துக்கொள்ளும், அதோடு அழற்சியைத் தூண்டும் கல்லிக்ரீனும் பிரடிகைனினும் எழும். கொம்ப்ளிமென்ட் எனப்படும் நிரப்புப் புரதத் தொகுதி, அந்நியப் பொருளைக் கண்டதும் சீ3ஏ, சீ5ஏ என்ற துண்டுகளை விடும். அவற்றால் தூண்டப்பட்ட வெண்குருதிக் கலங்கள் இலஸ்டேஸ் போன்ற நொதியங்களைக் கொட்டும். சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் சிலரின் உடல் ஊதியிருப்பதற்கும், நுரையீரல் கனத்துப்போவதற்கும், காயங்களில் கசிவு நிற்காததற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரு பங்குதான். மீதிப் பங்குக்குக் கீழே வருகிறேன்.

எவ்வளவு மேற்பரப்பு என்றும் பாருங்கள். வளர்ந்தவர் ஒருவருக்கான ஒட்சிசனேற்றியின், அதாவது இயந்திரத்தில் நுரையீரலின் வேலையைச் செய்யும் பாகத்தின், நுண்குழல் நார்கள் மட்டுமே 1.5 முதல் 2.5 சதுர மீற்றர் வரை வரும். ஒரு மனிதரின் முழுத் தோலின் பரப்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன் முதன்முதலாக இந்த இயந்திரத்தின் துணையோடு ஒரு இளம்பெண்ணின் இதயத் துவாரத்தை மூடியபோது, இயந்திரம் முழுப்பொறுப்பையும் தாங்கியது 26 நிமிடங்கள். இன்று ஒரு மகாதமனி வளைவுச் சத்திரசிகிச்சையில் நோயாளர் நான்கைந்து மணித்தியாலம் பம்பில் இருக்கலாம். அவ்வளவு நேரமும் அவருடைய குருதி முழுவதும் திரும்பத் திரும்ப அந்த மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

அப்படியானால் ஹெப்பரின் ஊசி போடுகிறோமே, அது போதாதா? ஹெப்பரின், குருதி கட்டியாக உறைவதைத் தடுக்கும். புரதம் ஒட்டுவதையோ, கொம்ப்ளிமென்ட் விழித்தெழுவதையோ, சிறுதட்டுகள் களைத்துப்போவதையோ அது தடுக்காது. பூச்சின் வேலை அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஹெப்பரின் பூச்சு

இந்த எண்ணம் பழையது. 1963இல் வின்சென்ட் கொட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் கிரஃபைட்டின் மேல் பென்சல்கோனியம் என்ற வேதிப்பொருளின் துணையோடு ஹெப்பரினை ஒட்டவைத்துக் காட்டினார்கள். பின்னர் வந்த டியூராஃப்ளோ 2 போன்ற பூச்சுகளிலும் ஹெப்பரின் மின்னேற்றக் கவர்ச்சியால்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படிப் பிடித்தது நேரம் போகப் போகக் கழன்று குருதியில் கலந்துவிடும்.

சுவீடனில் 1980களில் ஓலே லார்ம் குழுவினர் இதற்கு ஒரு அழகான விடை கண்டார்கள். ஹெப்பரின் மூலக்கூறை அதன் ஒரு முனையில் மட்டும் பிளாஸ்டிக்கோடு இரசாயனப் பிணைப்பால் கட்டினார்கள். மறுமுனை குருதிக்குள் அசைந்துகொண்டிருக்கும். உறைவைத் தடுக்கும் குருதிப் புரதமான அன்டித்ரொம்பின் வந்து பிடிக்க வேண்டிய பகுதி மறைந்துபோகாமல் திறந்தே இருப்பதால், ஒட்டியிருக்கும் ஹெப்பரின் உண்மையாகவே வேலை செய்கிறது. கார்மேடா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது இதுதான். மெட்ரோனிக் கம்பனியின் கோர்ட்டிவா என்ற பெயருக்குப் பின்னால் இருப்பதும் இதே முறைதான். கெட்டிங்கே குழுமத்தின் பயோலைன் பூச்சில் மனித அல்புமினும் ஹெப்பரினும் சேர்ந்திருக்கும். ட்ரில்லியம் பூச்சில் ஹெப்பரினோடு நீரை ஈர்க்கும் பொலிஎத்திலீன் ஒக்சைட்டும் சல்ஃபோனேற்றுக் கூட்டங்களும் உண்டு.

இவ்வளவு நுட்பம் இருந்தும் இதன் பலத்தை எங்கே எதிர்பார்ப்பது, எங்கே எதிர்பார்க்கக் கூடாது என்பதில் தெளிவு வேண்டும். கொம்ப்ளிமென்ட் எழுச்சியைத் தணிப்பதில் ஹெப்பரின் பூச்சு ஆய்வுக்கு ஆய்வு ஒரே மாதிரியாக நன்றாகச் செய்திருக்கிறது. குருதியை உறையவைக்கும் நொதியமான திரொம்பின் உருவாவதைக் குறைப்பதில் அந்த உறுதி இல்லை. சில ஆய்வுகளில் குறைந்தது, பலவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. பெயரில் ஹெப்பரின் இருப்பதால் உறைவைத் தடுப்பதே இதன் முதல் வேலை என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பிலிருந்துதான் ஒரு ஆபத்தான முடிவும் பிறக்கிறது: குழாயிலேயே ஹெப்பரின் இருக்கிறது, ஆகவே ஊசியில் போடுவதைக் குறைக்கலாம் என்பது.

ஒஸ்லோவில் ஐவிண்ட் ஊவ்ரும் குழுவினர் 1990களில் ஹெப்பரின் பூசிய தொகுதிகளோடு உறைவு நேரத்தை, அதாவது நாங்கள் ஏ.சி.டி. என்கிறதை, 250 வினாடிக்கு மேல் வைத்தே பைபாஸ் செய்து நல்ல பெறுபேறுகளைக் காட்டினார்கள். வழக்கமான இலக்கு 480 வினாடி. ஆனால் அவர்களுடையது ஒரே மாதிரியான நோயாளர்களோடு, ஒரே மாதிரியான குழாய்ச் சுற்றோடு, நன்கு பழகிய ஒரு குழு செய்த வேலை. ஆளும் பொருளும் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு தியேட்டரில் அதைப் பின்பற்றுவதை நான் ஏற்க மாட்டேன். இதயத்துக்குள்ளே தேங்கி நிற்கும் குருதிக்கு எந்தப் பூச்சும் துணைக்கு வராது. கிலோவுக்கு 300 முதல் 400 அலகு ஹெப்பரின், ஏ.சி.டி. 480, முடிவில் ஹெப்பரினை முறிக்கும் புரோட்டமின். பூச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுவே என் ஒழுங்கு.

ஹெப்பரின் இல்லாத பூச்சுகள்

இங்கே வழி வேறு. உறைவோடு சண்டை போடாமல், புரதங்களுக்குப் பிடிமானமே கொடுக்காத ஒரு மேற்பரப்பை உண்டாக்குவது. செங்குருதிக் கலத்தின் வெளிச்சவ்வில் பொஸ்பொரில்கோலின் என்ற கூட்டம் நிறைந்திருக்கும். அதில் நேர் ஏற்றமும் மறை ஏற்றமும் சமமாக இருப்பதால் அது நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், புரதங்களை அண்டவிடாது. அதே கூட்டத்தைப் பொலிமரில் கோர்த்துச் செய்ததுதான் சோரின் கம்பனியின், இன்றைய லிவாநோவாவின், ஃபிசியோ பூச்சு. ஜப்பானின் டெருமோ கம்பனி எக்ஸ் கோட்டிங் என்ற பெயரில் விற்பது பி.எம்.ஈ.ஏ. என்ற அக்ரிலேற்றுப் பொலிமர். அதன் மேற்பரப்பில் நிற்கும் ஒரு வகை நீர்ப்படலம்தான் புரதங்கள் உருமாறி ஒட்டுவதைத் தடுக்கிறது என்பது அதை ஆராய்ந்தவர்களின் விளக்கம். கெட்டிங்கேயின் சொஃப்ட்லைனும் மெட்ரோனிக்கின் பேலன்ஸும் இந்த வரிசையில் வருபவை.

சிறுதட்டுகளைக் காப்பதில் இவை ஹெப்பரின் பூச்சுக்கு ஏறக்குறைய இணையாக நின்ற ஆய்வுகள் உண்டு. கொம்ப்ளிமென்ட் விடயத்தில் ஹெப்பரின் பூச்சுக்குச் சேர்ந்திருக்கும் சான்றுகளின் கனம் இவற்றுக்கு இல்லை. நோயாளர் எத்தனை நாளில் வீட்டுக்குப் போனார், எத்தனை பைக் குருதி ஏற்றப்பட்டது என்ற கேள்விகளுக்கு வந்தால், இந்தப் பூச்சுகளுக்குள் ஒன்று மற்றொன்றை வென்றுவிட்டது என்று காட்டும் உறுதியான ஆய்வு எதையும் நான் கண்டதில்லை. ஆகவே பொலிமர் பூச்சுகளுக்குள் வியாபாரப் பெயர் பார்த்து மயங்க வேண்டியதில்லை. ஒட்சிசனேற்றியின் தரம், அதை நிரப்பத் தேவையான திரவத்தின் அளவு, தட்டுப்பாடில்லாமல் கிடைக்குமா என்பது ஆகியவற்றைப் பாருங்கள்.

எண்கள் சொல்வது

2007இல் மங்கூஷும் அவருடைய குழுவினரும் ஹெப்பரின் பூச்சு பற்றிய 41 எழுமாற்று ஆய்வுகளைச் சேர்த்து, 3434 நோயாளர்களின் பெறுபேறுகளை ஒன்றாகப் பார்த்தார்கள். பூச்சுள்ள பக்கத்தில் குருதியேற்றம் குறைந்தது, அதன் வாய்ப்பு விகிதம் 0.8 (1 என்றால் வேறுபாடில்லை, அதற்குக் கீழே என்றால் குறைவு). இரத்தக்கசிவு போன்ற காரணத்துக்காக மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டிவந்ததற்கு 0.6. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நேரம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏறக்குறைய 9 மணித்தியாலமும், வைத்தியசாலையில் அரை நாளும் மிச்சமாயின. மரணம் உள்ளிட்ட ஏனைய பெரிய பாதிப்புகளில் வேறுபாடு தெரியவில்லை.

இதைச் சின்ன நன்மை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஐ.சி.யு. கட்டில் ஒன்று காலியாகாததால் அடுத்த நாள் பட்டியலிலிருந்து ஒரு பெயர் வெட்டப்படுகிற ஊரில் 9 மணித்தியாலம் என்பது ஒரு நோயாளரின் சத்திரசிகிச்சைத் திகதி. வெலிகமவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்து, கொழும்பில் உறவினர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அது இன்னும் ஒரு கிழமை.

ஆனாலும் அந்த எண்களை அப்படியே நம் தியேட்டருக்குக் கொண்டுவர முடியாது. அந்த ஆய்வுகள் பலவற்றில் இருந்தவர்கள் ஆபத்துக் குறைந்த, முதல் முறைப் பைபாஸ் நோயாளர்கள். சிலவற்றில் பூச்சுள்ள பக்கத்துக்கு ஊசி ஹெப்பரினையும் குறைத்தே கொடுத்திருந்தார்கள். கசிவு குறைந்தது பூச்சினாலா, குறைந்த ஹெப்பரினாலா என்று அப்போது பிரிக்க இயலாது. அமெரிக்க நெஞ்சறை சத்திரசிகிச்சை நிபுணர்களின் சங்கம் 2011இல் வெளியிட்ட குருதிச் சேமிப்பு வழிகாட்டியும் உடல் இசைவுள்ள தொகுதிகளைப் பல நடவடிக்கைகளில் ஒன்றாகக் கருதலாம் என்ற அளவோடு நின்றது. அழற்சியைக் குறைத்தால் உயிர் பிழைப்பவர் கூடுவர் என்ற நம்பிக்கை ஸ்டெரொய்ட் விடயத்திலும் பலிக்கவில்லை. 7500க்கு மேற்பட்டவர்களைக் கொண்ட சேர்ஸ் ஆய்வு 2015இல் வெளிவந்தபோது, மெதில்பிரெட்னிசொலோன் கொடுத்தும் மரணம் குறையவில்லை என்றே காட்டியது.

உறிஞ்சிக் குருதி

மீதிப் பங்கு என்று மேலே சொன்னேன். அது நெஞ்சறைக்குள்ளே கிடக்கிறது. வெட்டிய இடத்திலிருந்து வழிந்து இதய உறைக்குள் தேங்கும் குருதி, உறைவைத் தொடக்கிவிடும் திசுக் காரணியில் ஊறிப்போயிருக்கும். அதில் திரொம்பினும் கொழுப்புத் துளிகளும் சிதைந்த செங்குருதிக் கலங்களும் நிறைந்திருக்கும். அதை உறிஞ்சியால் இழுத்து நேரே பம்ப் சுற்றின் குருதித் தேக்கிக்குள் விடுவது பல தியேட்டர்களில் காலங்காலமாக இருந்துவரும் பழக்கம். கிடைக்கிற குருதியை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் அந்தக் குருதி காற்றோடும் கலந்து, தூண்டப்பட்ட எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நோயாளரின் உடலுக்குள் திரும்புகிறது. குழாயின் சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சு இருந்தாலும், உள்ளே ஊற்றுவதே தூண்டப்பட்ட குருதியாக இருந்தால் பூச்சு என்ன செய்யும்?

அமெரிக்காவில் கேப்ரியல் அல்டியா குழுவினர் 2002இல் இதை நேரடியாகவே சோதித்தார்கள். எல்லோருக்கும் ஹெப்பரின் பூசிய தொகுதி. ஒரு பகுதியினருக்கு மட்டும் உறிஞ்சிக் குருதியைத் திருப்பி விடாமல் நிறுத்தினார்கள். திரொம்பின் உருவாக்கமும் சிறுதட்டுத் தூண்டலும் வெண்குருதிக் கலத் தூண்டலும் அவர்களிடம்தான் தெளிவாகக் குறைந்தன. என்னைப் பொறுத்தவரை பூச்சு பற்றிய ஆய்வுகளுக்குள் தியேட்டரின் நடைமுறையை மாற்ற வேண்டியது இதுதான். உறிஞ்சிக் குருதியைத் தனியே சேர்த்து, அளவு கூடினால் செல் சேவர் என்ற கருவியில் கழுவி, செங்குருதிக் கலங்களை மட்டும் திருப்பிக் கொடுக்கலாம். கழுவினால் பிளாஸ்மாவும் சிறுதட்டுகளும் போய்விடும் என்பது உண்மை. அதனால் சிறிதளவு குருதியைக் கழுவிக்கொண்டிருப்பதில் பயனில்லை, அதை விட்டுவிடலாம்.

கசிவைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலத்தையும் இங்கே சொல்ல வேண்டும். விலை மலிந்த மருந்து, அரச வைத்தியசாலைகளுக்குப் பழகிய மருந்து. 2017இல் வெளிவந்த அட்டகாஸ் ஆய்வில் 4600க்கு மேற்பட்ட பைபாஸ் நோயாளர்களில், ஏற்றப்பட்ட குருதிப் பொருட்களின் மொத்த அளவை இது 46 சதவீதம் குறைத்தது. கசிவு அல்லது இதயத்தைச் சுற்றிக் குருதி தேங்குதல் காரணமாக மீண்டும் சத்திரசிகிச்சைக்குப் போனவர்கள் 2.8 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதமாகக் குறைந்தார்கள். வலிப்பு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுவதால் மருந்தளவில் கவனம் வேண்டும். இதைச் சரியாகக் கொடுக்காமல், உறிஞ்சிக் குருதியைப் பற்றி யோசிக்காமல், பூச்சுக்கு மட்டும் பணம் கட்டுகிற பிரிவு பணத்தைத் தவறான வரிசையில் செலவழிக்கிறது.

பூச்சில்லாத தொகுதியைச் சற்று மேம்படுத்தவும் வழியுண்டு. சுற்றை நிரப்பும் திரவத்தில் மனித அல்புமினைச் சேர்த்தால், தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவது போல அது குருதி வருமுன்பே பிளாஸ்டிக்கில் படிந்துவிடும். பின்னால் வரும் ஃபைப்ரினோஜனுக்கு இடம் குறையும். இப்படிச் செய்தால் சிறுதட்டுகளின் எண்ணிக்கை குறைவாக இறங்குகிறது என்று 2004இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. அல்புமினும் மலிவானதல்ல என்பதால் இரண்டு விலையையும் ஒருங்கே வைத்துக் கணக்குப் பார்ப்பது நல்லது. சுற்றின் நீளத்தைக் குறைப்பதும், நோயாளரின் சொந்தக் குருதியாலேயே குழாயைப் பின்னோக்கி நிரப்பி உப்புநீரை வெளியேற்றுவதும் காசு கேளாத வேலைகள். குருதி ஐதாவது குறைந்தால் குருதிப் பை கேட்பதும் குறையும்.

யாருக்கு முதலில்

குழந்தைகளுக்கு. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. 3 கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் இருக்கும் குருதி ஏறக்குறைய 250 மில்லிலீற்றர்தான். சுற்றை நிரப்பும் திரவமே அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும். ஒரு துளிக் குருதிக்கு எவ்வளவு பிளாஸ்டிக் என்று பார்த்தால் வளர்ந்தவரைவிடப் பல மடங்கு. அந்தச் சின்ன நுரையீரலும் சிறுநீரகமும் அழற்சியைத் தாங்கும் பலமும் குறைவு. பொரளையில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு நாடு முழுவதிலிருந்தும் இதயக் கோளாறோடு பிறந்த பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு நாட்டின் கொள்வனவுப் பட்டியலில் பூச்சுள்ள தொகுதிக்கு ஒரே ஒரு இடம்தான் கிடைக்குமென்றால், அது சிறுவர் அளவுகளுக்கே போகவேண்டும்.

அடுத்தது நீண்ட சத்திரசிகிச்சைகள். மகாதமனி கிழிவு, ஒரே அமர்வில் இரண்டு வால்வு மாற்றுவதோடு பைபாஸும், முன்பு வால்வு மாற்றியவருக்கு மீண்டும் திறப்பது போன்றவை. வாதக் காய்ச்சலால் இளவயதிலேயே வால்வு பழுதாகிப் பத்துப் பதினைந்து வருடம் கழித்து இரண்டாம் முறை வருகிறவர்களை நம் நாட்டில் நிறையப் பார்க்கிறோம். ஒட்டிப்போன திசுக்களை விடுவிக்கும்போதே அவர்களுக்குக் கசிவு தொடங்கிவிடும். நீண்ட நேரம் ஓடும்போது ஒட்சிசனேற்றியின் நார்களில் சிறுதட்டும் ஃபைப்ரினும் படிந்து உள்ளே அழுத்தம் ஏறுவதும் உண்டு. அந்த நேரத்தில் ஒட்சிசனேற்றியை மாற்றுவது எவருக்கும் வேண்டாத அனுபவம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் துணைநிற்கும் எக்மோ போல நாட்கணக்கில் ஓடும் சுற்றுக்குப் பூச்சு கட்டாயம், அதில் ஒப்பிடுவதற்கே ஒன்றுமில்லை.

அரிய குருதி வகையினரையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய குருதி நிலையம் தன்னார்வக் கொடையாளர்களை மட்டுமே நம்பி இயங்குகிறது. வெசாக், பொசன் காலத்து முகாம்களில் நிரம்பும் குளிர்பெட்டி வருடம் முழுவதும் அப்படியே இருப்பதில்லை. சிறுதட்டுப் பைக்கு ஆயுள் 5 நாள்தான்.

ஹெப்பரினா பொலிமரா என்ற கேள்வி பெரும்பாலானவர்களுக்குச் சமனாகவே வந்து நிற்கும். இரண்டு இடங்களில் அது சமனாக இல்லை.

முதலாவது, ஹெப்பரினாலேயே சிறுதட்டுகள் குறையும் நோய். ஹெப்பரினும் சிறுதட்டுக் காரணி 4 என்ற புரதமும் சேர்ந்த கூட்டுக்கு எதிராக உடல் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். சிறுதட்டுகள் பாதிக்குக் கீழே இறங்கும். சிறுதட்டு குறைந்தால் குருதி கசியும் என்று பார்த்தால், நடப்பது அதற்கு எதிர்மாறாக, நோயாளரின் குருதிக் குழாய்களில் குருதி கட்டியாக உறையும். இதயச் சத்திரசிகிச்சைக்குப் பின் 1 முதல் 3 சதவீதத்தினருக்கு இது வரலாம். இந்த நோய் தீவிரமாக இருக்கும்போது ஒருவருக்குச் சத்திரசிகிச்சை தவிர்க்க முடியாது என்றானால், ஊசியில் மட்டுமல்ல, குழாயிலும் ஹெப்பரின் இருக்கக் கூடாது. பொலிமர் பூசியதோ பூச்சில்லாததோதான் வேண்டும். ஹெப்பரினுக்குப் பதிலாகப் பைவலிருடின் என்ற உறைவெதிர் மருந்தைக் கொடுத்துச் செய்வார்கள். அந்த மருந்தைத் திரொம்பினே வெட்டிச் செயலிழக்கச் செய்யும் என்பதால் சுற்றில் எந்தக் கிளையிலும் குருதி தேங்கவிடாமல் பம்ப் ஓட்டுகிறவர் கண்விழித்திருக்க வேண்டும். இதற்காகவே ஒவ்வொரு பிரிவும் ஹெப்பரின் இல்லாத தொகுதிகள் சிலவற்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பேன்.

இரண்டாவது, நோயாளரின் மனம். ஹெப்பரின் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. கொழும்பில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் இதைக் கேட்கிறார்கள். "சேர், எங்கட வாப்பாக்குப் போடுற குழாய்ல பன்றி சாமான் ஏதும் ஈக்கா?" என்று ஒரு மகள் கேட்டால், பொலிமர் பூச்சைக் காட்டி இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 21,000 முதல் 28,000 அலகு ஹெப்பரின் ஊசியாகவே போகிறது. குழாயை மாற்றுவதால் அது இல்லாமற் போவதில்லை. உயிர் காக்கும் தேவையில், வேறு வழி இல்லாதபோது இதற்கு அனுமதி உண்டு என்பதே இஸ்லாமியச் சட்ட அறிஞர்களிடையே பரவலாக உள்ள கருத்து. குடும்பத்தினர் தங்கள் மௌலவியிடம் கேட்டுத் தெளிய அவகாசம் கிடைக்க, சத்திரசிகிச்சைக்குச் சில நாள் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். புரோட்டமின் சால்மன் மீனிலிருந்து வருவது என்பதைச் சைவ உணவு மட்டும் உண்பவர்களும் அறிந்திருக்கலாம். அதற்கு நிகரான மாற்று மருந்து கைவசம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாங்கும்போது

அரச வைத்தியசாலைகளுக்கு மருத்துவ வழங்கல் பிரிவு வழியாகப் பொருட்கள் வருகின்றன. தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு இருக்க வேண்டும். அதற்கு அப்பால் கேள்விமனுவில் எழுத வேண்டிய ஒன்று உண்டு: முனையிலிருந்து முனைவரை பூச்சு இருக்கிறதா என்பது. ஒட்சிசனேற்றியை மட்டும் பூசிவிட்டு முழுத் தொகுதிக்கும் பூச்சுள்ளது என்ற பெயரில் விலை போடுவதுண்டு. தேக்கி, தமனி வடிகட்டி, இணைப்பிகள், நோயாளரின் குருதிக் குழாய்க்குள் செருகும் கனியூலா ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் கேளுங்கள். தேக்கி மிகப்பெரிய பரப்புள்ள பாகங்களில் ஒன்று, விடுபடுவதும் பெரும்பாலும் அதுதான். களஞ்சியத்தின் வெப்பநிலை எல்லையையும் காலாவதித் திகதியையும் பெட்டி வரும்போதே பாருங்கள், கொழும்பின் வெக்கையில் இது முக்கியம்.

2022இல் டொலர் இல்லாமல் மருந்துகளும் நுகர்பொருட்களும் தட்டுப்பட்டு, அவசரமல்லாத சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போன காலத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நிலை மீண்டும் வந்தால், பூச்சுள்ள தொகுதி வரட்டும் என்று ஒரு நோயாளரைக் காத்திருக்க வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒடுங்கிப்போன இடது பிரதான முடியுருத் தமனியோடு வீட்டில் இருப்பதைவிட, பூச்சில்லாத குழாயில் இன்றே பைபாஸ் செய்வது எவ்வளவோ மேல். தனியார் வைத்தியசாலையில் செய்யும் குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன். ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பித்து, நகை அடகு வைத்துப் பணம் சேர்க்கிறவர்கள், சாதாரண முதல் முறைப் பைபாஸுக்குப் பூச்சு என்ற ஒரு வரிக்காகக் கூடுதல் கடன்பட வேண்டியதில்லை. உறிஞ்சிக் குருதியை என்ன செய்வீர்கள், டிரனெக்சாமிக் அமிலம் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். நல்ல குழு அந்தக் கேள்வியை விரும்பியே பதில் சொல்லும்.

ஹெப்பரினால் சிறுதட்டுக் குறைந்தது உறுதியானவர்களின் டயக்னோசிஸ் கார்ட்டில் அதைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுங்கள். பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் சில மாதங்களில் மறைந்துவிடும், அதன்பின் பம்புக்கு மட்டும் ஹெப்பரினைக் குறுகிய நேரம் பாவிக்கவும் இடமுண்டு. ஆனால் பிறபொருளெதிரிகள் மறைந்துவிட்டனவா என்ற பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்று அடுத்த வைத்தியசாலைக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்கோ கண்டிக்கோ திரும்பிப் போனவர் சில கிழமைகளில் நெஞ்சுவலியோடு அங்கேயே அனுமதிக்கப்பட்டால், ஹெப்பரின் பூசிய மத்திய நாளக் குழாய் ஒன்றைப் போடுமுன் தாதியின் கண்ணில் படவேண்டியது அந்த வரிதான்.